எபெனேசர்: ஒரு கல்லின் பெயர்

எபெனேசர் என்னும் பெயர் நம் சபைகளுக்குப் புதியதன்று. ஆயினும் திருமறையில் இப்பெயர் தாங்கிய மனிதர் ஒருவரும் இலர். அது ஒரு கல்லுக்கு இடப்பட்ட பெயர். எபிரெயத்தில் ‘ஏபென்’ என்றால் கல். ‘ஏசெர்’ என்றால் உதவி. ஆதாமுக்கு ஏற்ற துணை என ஆதியாகமம் 2-ஆம் அதிகாரம் கூறுமிடத்திலும் இந்த ‘ஏசெர்’ என்னும் சொல்லே வருகிறது.

கல்லின் பெயர் மனிதருக்கு வந்தது எவ்வாறு? சீர்திருத்தத்திற்குப் பின் இங்கிலாந்தின் பியூரிட்டானியர், பரிசுத்தவான்களின் பெயர்களை விடுத்துப் பழைய ஏற்பாட்டை நாடினர். 1560-இல் வெளிவந்த ஜெனீவா வேதாகமம் பெயர்களின் பொருளை விளக்கும் அட்டவணையொன்றையும் கொண்டிருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் அவர்களிடையே எபெனேசர் ஆட்பெயராயிற்று. ஸ்காட்லாந்தில் 1733-இல் பிரிவினைச் சபையைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர் எபெனேசர் எர்ஸ்கின். ஆனால் 1843-இல் சார்லஸ் டிக்கன்ஸ் தம் கிறிஸ்துமஸ் கதையின் கருமிக்கு இப்பெயரையே சூட்டினார். இன்று ஆங்கிலேயரிடையே இது அரிய பெயர். நற்செய்தி சென்ற நாடுகளிலோ இது தழைத்தது. கானா நாட்டின் விடுதலைத் தலைவர்களுள் ஒருவர் எபெனேசர் அகோ-அட்ஜெய்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பனார் தம் மகனுக்கு இப்பெயரிட விரும்பி என்னிடம் வந்தார். அவர்தம் முதற்குழந்தை இறந்திருந்தது. உடன் வந்த பாட்டியார், “அந்தப் பிள்ளைக்கு உதவாதவர் இந்தப் பிள்ளைக்கு உதவினார் என்று எப்படி ஐயா சொல்வது?” என்று கேட்டார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை.

வீடு திரும்பி 1 சாமுவேல் புத்தகத்தை மீண்டும் வாசித்தேன். 7-ஆம் அதிகாரத்தில் வெற்றிக்குப் பின் சாமுவேல் கல்லை நாட்டுகிறார். 4-ஆம் அதிகாரத்திலேயே எபெனேசர் என்னும் இடம் நம் முன் வருகிறது. அங்கே பாளயமிறங்கிய இஸ்ரவேலர் முதலில் ஏறத்தாழ 4,000 பேரையும், பின்னர் 30,000 பேரையும் இழந்தனர். உடன்படிக்கைப் பெட்டியும் பெலிஸ்தர் கைப்பட்டது. இரண்டும் ஓரிடமோ என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. எனினும், தோல்வியின் நினைவைச் சுமந்த பெயரையே சாமுவேல் அந்தக் கல்லுக்கு இட்டார் என்பதை வாசகர் மறத்தல் இயலாது.

எனவே ‘இம்மட்டும்’ என்று சாமுவேல் கூறிய சொல் இழப்பை மறைப்பதன்று. ஒரு சாவுக்கு அது காரணம் காட்டுவதுமில்லை. பிறரினும் நாம் மேலானவர் எனப் பெருமை பாராட்டுவதுமில்லை. அழுத கண்களோடு கடந்துவந்த வழியனைத்தையும் எண்ணி, அவ்வழியில் தேவன் நம்மைக் கைவிடவில்லை என அறிக்கையிடுவதே அச்சொல்.

மறுநாள் அம்மூதாட்டியாரிடம் இவற்றைக் கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், “அப்படியானால் இறந்த பிள்ளையும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது” என்றார். திருமுழுக்கின்போது குழந்தையை ஏந்தி நின்றவர் அவரே.

பெயர் கேட்டு வரும் பெற்றோருக்குப் பொருளை மட்டும் கூறி அனுப்பாதிருப்போமாக. அப்பெயர் பிறந்த வரலாற்றையும் அவர்களோடு அமர்ந்து வாசிப்போமாக.