மூட்டுவலிக்கு உணவு மருந்தாகுமா?

மூட்டுவலியுடன் மருத்துவமனைக்கு வருவோரும் அவர்தம் குடும்பத்தாரும் பெரிதும் கேட்கும் கேள்வி, ‘என்ன சாப்பிட்டால் வலி குறையும்?’ என்பதாகும். இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. மூட்டுவலி என்பது ஒரு நோயின் பெயரன்று; பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. குளச்சலிலும் முட்டத்திலும் கரைசேரும் சாளை மீன் ஒரு நோயாளருக்கு நன்மை தரும். அதே மீன் மற்றொருவருக்கு வலியைக் கூட்டும். ஆகவே, உணவை முடிவு செய்யுமுன் நோயை அறிதல் வேண்டும்.

முதலாவது, மூட்டுத் தேய்மானம். நடுவயதைக் கடந்தோரின் முழங்கால்களில் இது மிகுதி. இங்கு எந்தத் தனிப்பொருளைக் காட்டிலும் உடல் எடையே முதன்மையானது. குறையும் ஒவ்வொரு கிலோ எடைக்கும், நடக்கும்போது முழங்காலின் மீது விழும் சுமை அடிக்கு ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 5 கிலோ குறைத்தவர், ஒவ்வோர் அடியிலும் ஏறத்தாழ 20 கிலோ சுமையைத் தம் முழங்காலிலிருந்து இறக்கி வைக்கிறார். மரச்சீனியும் மீன்கறியும் நம் மாவட்டத்தின் உணவு. அதில் மீனைக் குறைக்க வேண்டியதில்லை. கிழங்கின் அளவைக் குறைத்தால் போதும். மீனைப் பொரிப்பதைவிடக் குழம்பாக்குவது மேல். கருப்பட்டியும் சர்க்கரையே, அதற்கும் அளவு தேவை.

இரண்டாவது, சரவாங்கி எனப்படும் முடக்குவாதம். உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால் ஏற்படும் அழற்சி இது. காலையில் நெடுநேரம் நீடிக்கும் விறைப்பும், கைவிரல் மூட்டுகளின் வீக்கமும் இதன் அடையாளங்கள். சாளை, அயிலை போன்ற மீன்களிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு இந்நோயில் வலியையும் விறைப்பையும் ஓரளவு தணிக்கும். ஆய்வுகளில் பெரும்பாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிராம் ஒமேகா-3 கொடுக்கப்பட்டது. ‘1000 மில்லிகிராம்’ என்று அச்சிட்ட சாதாரண மீனெண்ணெய் மாத்திரையில் பயன்தரும் ஒமேகா-3 பெரும்பாலும் 300 மில்லிகிராம் மட்டுமே. எனவே முன்பக்க எண்ணை நம்பாமல் பின்பக்க விவரத்தைப் படியுங்கள். மருத்துவரைக் கேளாமல் அளவைக் கூட்டாதீர்கள்.

மூன்றாவது, யூரிக் அமிலம் மிகுவதால் வரும் கவுட். பெரும்பாலும் இரவில், கால் பெருவிரல் திடீரெனச் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் பொறுக்க முடியாத வலி உண்டாகும். சாளையும் நெத்தோலியும் இந்நோயாளர் குறைக்க வேண்டியவை. ஈரல் முதலிய உள்ளுறுப்புகள், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பீர் உள்ளிட்ட மதுவகைகள், இனிப்பூட்டிய குளிர்பானங்கள் ஆகியவையும் அவ்வாறே. ஆனால் பருப்பையும் கீரையையும் அஞ்சி விலக்க வேண்டியதில்லை. அவை கவுட் வரும் வாய்ப்பைக் கூட்டுவதில்லை என்பது 2004இல் வெளியான பெரிய ஆய்வொன்றின் முடிவு.

மஞ்சள் பற்றிப் பலரும் வினவுகின்றனர். மஞ்சளிலுள்ள குர்குமின் அழற்சியைத் தணிக்கும் தன்மையுடையது. மூட்டுத் தேய்மான வலியில் ஓரளவு பயன் தருவதாகச் சிறிய ஆய்வுகள் தெரிவிக்கின்றன. ஆனால் மஞ்சள்தூளில் அது நூற்றில் ஏறத்தாழ 3 பங்கே. ஒரு தேக்கரண்டித் தூளில் கிடைப்பது 100 மில்லிகிராம் அளவு. ஆய்வுகளில் தரப்பட்டதோ அதைப்போல் பல மடங்கு. குழம்பில் இடும் மஞ்சள் நல்லதே. அது சிகிச்சை ஆகாது. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால், குறிப்பாக மிளகுச் சத்துச் சேர்த்தவற்றால், சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்துள்ளது. வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உண்போருக்கு இவை இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும்.

குளுக்கோசமின் மாத்திரையை நம்பிப் பெரும்பொருள் செலவிடுவோர் உளர். 2006இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,600 முழங்கால் தேய்மான நோயாளரிடம் நடந்த ஆய்வில், மொத்தத்தில் அது வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. அது பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவதால், அவை ஒவ்வாதோர் கவனமாக இருத்தல் வேண்டும். முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் உணவாக உண்ணத் தக்கவை. அவற்றை மட்டும் நம்பி மருந்தை நிறுத்துதல் தகாது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். சரவாங்கிக்கு மருத்துவர் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் வலியை மட்டுமன்றி, மூட்டு சிதைவதையும் தடுக்கின்றன. எந்த உணவுக்கும் அவ்வாற்றல் இல்லை. மருந்தை விட்டு நாள் கடத்தினால், வளைந்த விரல்கள் மீண்டும் நேராவது அரிது. மேலும், பெயரோ உட்பொருள் விவரமோ அச்சிடாத பொடியும் மாத்திரையும் ஓரிரு நாளில் வலியை அறவே போக்கினால் ஐயுறுங்கள். அத்தகையவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தமை பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. அது சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலிவிக்கும். பல நாள் உண்டபின் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே தாமே நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை வரும்போது, வீட்டில் உண்ணும் மாத்திரை, எண்ணெய், பொடி, கசாயம் அனைத்தையும் ஒரு பையில் எடுத்து வாருங்கள். எவரும் கடிந்துகொள்ளமாட்டார், எது எதனோடு ஒவ்வாது என்பதை அப்போதுதான் கூற இயலும். காய்ச்சலுடன் ஒரு மூட்டு மட்டும் சூடேறி வீங்கினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்று பத்தியமும் பற்றும் பார்த்துக் காத்திராமல், அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.