எல்டாப் வெற்றுத் திருத்தம்

எல்டாப் வெற்றுத் திருத்தம் என்பது, அடைவுச் சேவையில் உள்ள ஒரு பதிவைத் திருத்த அனுப்பப்படும் கோரிக்கையில், மாற்றங்களின் பட்டியலோ ஒரு பண்பின் மதிப்புகளோ வெறுமையாக இருக்கும் நிலையைக் குறிக்கும். எல்டாப் எனப்படும் எளிய அடைவு அணுகல் நெறிமுறை, நிறுவனங்களின் பயனர் கணக்குகள், குழுக்கள், தொலைபேசி எண்கள் முதலியவற்றைக் கொண்ட அடைவுகளை அணுகப் பயன்படுகிறது. இந்நெறிமுறையில் வெறுமை என்பது "மாற்றம் இல்லை" என்று எப்போதும் பொருள்படாது. சில இடங்களில் "முழுவதும் நீக்குக" என்றே பொருள்படும்.

கோரிக்கையின் அமைப்பு

2006 இல் வெளியான ஆர்.எப்.சி. 4511 ஆவணத்தின்படி, திருத்தக் கோரிக்கை ஒன்றில் பதிவின் பெயரும் மாற்றங்களின் பட்டியலும் இருக்கும். ஒவ்வொரு மாற்றமும் சேர்த்தல் (0), நீக்கல் (1), மாற்றீடு (2) ஆகியவற்றுள் ஒன்றாகும். பட்டியல் முழுவதும் ஒரே செயலாக நிறைவேற வேண்டும். ஒரு மாற்றம் தவறினாலும் ஏனையவை நிகழா.

வெறுமையின் வகைகள்

* மதிப்பில்லாத மாற்றீடு: பண்பு இருந்தால் அது முழுமையாக நீக்கப்படும், இல்லையெனில் கோரிக்கையின் அப்பகுதி புறக்கணிக்கப்படும்.
* மதிப்பில்லாத நீக்கல்: பண்பு முழுமையாக நீக்கப்படும்.
* வெற்றுச் சரம்: இதுவும் ஒரு மதிப்பே. தொலைபேசி எண் போன்ற பண்புகளின் தொடரியல் குறைந்தது ஓர் எழுத்தையேனும் கோருவதால், வழங்கி இதனை ஏற்காமல் பிழை எண் 21 ஐத் தரும்.
* வெற்றுப் பட்டியல்: ஆவணத்தின் இலக்கணம் இதனைத் தடுக்கவில்லை. எனினும் சாம்பா மென்பொருளின் அடைவு வழங்கி இதனைப் பிழை எண் 53 உடன் மறுக்கிறது.

எடுத்துக்காட்டு

பணியாளர் தரவுத்தளத்திலிருந்து குழு உறுப்பினர்களைப் பெற்று, மாற்றீடு மூலம் அடைவில் எழுதும் நிரல் ஒன்றைக் கருதுக. தரவுத்தள இணைப்பு துண்டிக்கப்பட்டு, நிரலுக்கு வெற்றுப் பட்டியல் கிடைக்கிறது. "குரூப்ஆப்நேம்ஸ்" வகைக் குழுவில் உறுப்பினர் பண்பு கட்டாயமானது. ஆகவே வழங்கி பிழை எண் 65 ஐத் தந்து மறுக்கும். "போசிக்ஸ்குரூப்" வகையில் அப்பண்பு கட்டாயமன்று. அங்கே உறுப்பினர் அனைவரும் நீக்கப்படுவர். வழங்கியோ வெற்றி என்றே விடையளிக்கும். பயனர்கள் அணுகல் உரிமையை இழந்த பின்னரே தவறு வெளிப்படும்.

பாதுகாப்பான கையாளுகை

* புலம் தரப்படவில்லை, வெறுமையாகத் தரப்பட்டது, நீக்கக் கோரப்பட்டது ஆகிய மூன்று நிலைகளையும் நிரல் வேறுபடுத்த வேண்டும்.
* பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் ஒப்பிட்டு, வேறுபாடு இல்லையெனில் கோரிக்கை அனுப்பாமல் விடுவது நன்று.
* குழுக்களில் மாற்றீட்டைத் தவிர்த்து, சேர்க்க வேண்டியவர்களையும் நீக்க வேண்டியவர்களையும் மட்டும் பெயர் குறித்து அனுப்பலாம்.
* மூலத்தரவு வெறுமையாக வந்தால் அதனைப் பிழையாகக் கருதி நிரலை நிறுத்த வேண்டும். பெயர் குறித்த முறையிலும், வெற்றுத் தரவுடன் ஒப்பிட்டால் எல்லோருமே நீக்க வேண்டியவர்களாகத் தோன்றுவர்.

இவற்றையும் பார்க்க

* அடைவுச் சேவை
* நெறிமுறை
* தரவுத்தளம்