டிரான்ஸ்பார்மர் ஏன் மூச்சு விடுகிறது?

கடலூர், சிதம்பரம் போன்ற கடலோர ஊர்களின் துணைமின் நிலையங்களில், பெரிய டிரான்ஸ்பார்மரின் ஓரம் தொங்கும் கண்ணாடிக் குடுவையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உள்ளே சிலிக்கா ஜெல் மணிகள். நீலமாக இருந்தால் சரி. வெளிர் சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது.

ஏன் ஈரம்? சுமை கூடினால் எண்ணெய் சூடாகி விரியும், காற்று வெளியே போகும். குளிர்ந்தால் சுருங்கி, அந்தக் குடுவை வழியே கடற்காற்றை உள்ளே இழுக்கும். ஈரம் கலந்த எண்ணெயின் மின்காப்பு குறையும். அதைவிட மோசம், செம்புச் சுருளில் சுற்றிய காகிதம் நைந்துபோவது. எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். காகிதத்துக்கு அந்த வசதி இல்லை.

உள்ளே கோளாறு என்றால் வாயு உண்டாகும். தொட்டிக்கும் மேலுள்ள கன்சர்வேட்டர் என்ற எண்ணெய்க் கலத்துக்கும் இடைப்பட்ட குழாயில் இருக்கும் புக்ஹோல்ஸ் ரிலே அதைப் பிடிக்கும். 1921இல் மாக்ஸ் புக்ஹோல்ஸ் என்ற ஜெர்மானியர் உருவாக்கியது. வாயு மெல்லச் சேர்ந்தால் மணி அடிக்கும். எண்ணெய் திடீரெனப் பாய்ந்தால் மின்சாரத்தையே துண்டிக்கும். எண்ணெயைச் சோதித்து அசிட்டிலீன் கணிசமாகத் தென்பட்டால், உள்ளே தீப்பொறி பறந்திருக்கிறது என்று பொருள். ‘ஒருமுறை போட்டுத்தான் பார்ப்போமே’ என்பது அப்போது தற்கொலைக்குச் சமம்.

வெளியே இன்னொரு எதிரி உப்பு. மின்கம்பி உள்ளே நுழையும் பீங்கான் புஷிங்கில் படிந்த உப்பு, மார்கழிப் பனியில் நனைந்ததும் மின்சாரத்துக்கு வழிவிடும். சப்ளையை நிறுத்தி, எர்த் செய்துவிட்டுக் கழுவித் துடைக்க வேண்டும்.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூரைத் தாக்கியபோது கம்பங்களோடு டிரான்ஸ்பார்மர்களும் சாய்ந்தன. அப்படி விழுந்ததை நிமிர்த்தியவுடன் இணைக்கக் கூடாது. மெக்கரால் சுருளின் மின்காப்பை அளந்து, எண்ணெய் 2.5 மி.மீ. இடைவெளியில் எத்தனை கிலோவோல்ட் தாங்குகிறது என்று பார்த்த பிறகே இணைப்பு.