மேசை வேறு, கிடங்கு வேறு

கணினியைத் திறந்ததும் கண்ணில் படும் பரப்பை டெஸ்க்டாப் என்கிறோம். தமிழில் மேசைத்தளம் என்பார் சிலர், முகப்பு என்பார் சிலர். இரண்டும் பொருத்தமான பெயர்களே. மேசை என்பது வேலை செய்யும் இடம். முகப்பு என்பது வீட்டுக்குள் நுழையும் இடம். இரண்டிலும் மூட்டை அடுக்கும் வழக்கம் நம்மவர்க்குக் கிடையாது. ஆனால் இன்று நம் வீட்டுக் கணினிகளைத் திறந்து பாருங்கள். பிள்ளையின் மார்க் ஷீட், கரண்ட் பில், கல்யாண போட்டோ, பெயரே வைக்காத நாலைந்து 'நியூ ஃபோல்டர்' எல்லாம் அதன்மேல்தான் கிடக்கும். பின்னணியில் ஆசையாய்ப் போட்ட படம் மறைந்தே போயிருக்கும். அந்த இடம் எதற்காக ஏற்பட்டது, அதை எப்படிப் பயன்படுத்துவது நல்லது என்பதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

பெயர் வந்த வரலாறு

ஒரு காலத்தில் கணினிக்குக் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டித்தான் வேலை வாங்க வேண்டும். 1970களில் அமெரிக்காவின் பாலோ ஆல்டோ நகரிலிருந்த செராக்ஸ் ஆய்வு நிலையத்தார் இதை மாற்றினார்கள். மேசைமேல் காகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதுபோல் திரையிலும் வைக்கலாமே என்பது ஆலன் கே முதலிய அறிஞர்களின் எண்ணம். 1973இல் அங்கே ஆல்டோ என்ற கணினி உருவாயிற்று. 1981இல் விற்பனைக்கு வந்த ஸ்டார் கணினியில் காகிதம், ஃபோல்டர், தபால் தட்டு எல்லாம் சிறு சிறு படங்களாகத் தோன்றின. 1984இல் ஆப்பிளின் மெக்கின்டாஷும் 1995இல் விண்டோஸ் 95உம் அதை உலகெங்கும் கொண்டு சேர்த்தன. ஆபீஸ் குமாஸ்தா தனக்குப் பழகிய மேசையைக் கண்டு பயமில்லாமல் வேலை செய்யட்டும் என்பதே இதன் அடிப்படை.

மேசைமேல் குவியல் ஏன் சேர்கிறது? தாமஸ் மலோன் என்ற ஆய்வாளர் அலுவலகத்தார் தம் மேசையை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 1983இல் எழுதினார். குவியலை வெறும் சோம்பேறித்தனம் என்று அவர் தள்ளிவிடவில்லை. 'இந்த வேலை பாக்கி இருக்கிறது' என்று அது நமக்கு நினைவூட்டுகிறது என்றார். நியாயம்தான். "கண்ணுல பட்டாத்தானே ஞாபகம் வரும்" என்று நம் வீட்டிலும் சொல்கிறோம். ஆனால் கண்ணில் படுவது ஐந்தாறாக இருந்தால்தான் ஞாபகம் வரும். அறுபதாகிவிட்டால் ஒன்றும் கண்ணில் படாது.

மென்பொருள் செய்பவர்களும் இதை மறுபடி சிந்தித்தார்கள். 2008இல் வந்த கேடிஇ 4, டெஸ்க்டாப்பையே ஒரு ஃபோல்டராக நினைக்க வேண்டாம், வேண்டிய ஃபோல்டரை எட்டிப் பார்க்க ஒரு சிறு ஜன்னலை அதன்மேல் வைத்துக்கொண்டால் போதும் என்றது. 2011இல் வந்த க்னோம் 3 கோப்புகளே இல்லாத வெற்றுப் பரப்பைத் தந்தது. 2018இல் ஆப்பிள், சிதறிக் கிடப்பவற்றை வகைவாரியாக அடுக்கிக் காட்டும் வசதியைச் சேர்த்தது.

சிட்டையும் பேரேடும்

எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு இது புதிய பாடமல்ல. அன்றன்றைய வரவு செலவை முதலில் சிட்டையில் எழுதுவோம். கடை கட்டுமுன் அதைப் பார்த்து, அவரவர் பெயரில் பேரேட்டில் ஏற்றுவோம். சிட்டை இல்லாவிட்டால் கை ஓடாது. பேரேட்டில் ஏற்றாவிட்டால் வருஷக் கடைசியில் யார் எவ்வளவு தர வேண்டும் என்றே தெரியாது. டெஸ்க்டாப் சிட்டை. உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் பேரேடு. எங்கள் சமணர் வீடுகளில் ஏட்டுச் சுவடி வாசிக்கும் முறையும் இதுதான். பலகைமேல் இருப்பது அப்போது வாசிக்கும் சுவடி ஒன்றே. வாசித்து முடிந்ததும் கயிறு சுற்றித் துணியில் கட்டிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள்.

தங்கவயல்காரர்களுக்கு இன்னும் நன்றாய்ப் புரியும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அத்தனை ஆழத்திலிருந்து வந்த பாறையை யாரும் சுரங்க வாயிலேயே குவித்து வைக்கவில்லை. தங்கம் உள்ள பாறை மில்லுக்குப் போயிற்று, மற்றது வேறிடம் போயிற்று. வாய் அடைபட்டால் ஆள் இறங்குவது எப்படி, ஏறுவது எப்படி?

எது போகும், எது நிற்கும்

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. டெஸ்க்டாப் என்பது தனி இடம் போல் தோன்றும். விண்டோஸில் அது வழக்கமாகச் சி டிரைவில், நம் பெயரிலுள்ள ஃபோல்டருக்குள் இருக்கும் இன்னொரு ஃபோல்டர்தான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார், சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தாவின் சர்வீஸ் காகிதங்களை ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பில் போட்டிருந்தார்கள். அசலைக் கரையான் தின்றுவிட்டது. கம்ப்யூட்டர் மந்தமாயிற்று என்று ஆளைக் கூப்பிட்டார்கள். அவர் சி டிரைவை அழித்து விண்டோஸைப் புதிதாய் ஏற்றினார். "டி டிரைவ்ல இருக்கறதைத் தொடவே இல்லீங்க" என்றார். உண்மைதான். தாத்தாவின் காகிதம் மட்டும் சி-யில் இருந்தது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட ஊர் நம்முடையது. அந்த உழைப்புக்குச் சாட்சியாகப் பல வீடுகளில் மிஞ்சியிருப்பது இத்தகைய காகிதங்களே.

செய்ய வேண்டியவை

முதலாவது, டெஸ்க்டாப்பில் இந்த வாரம் நடக்கிற வேலை மட்டும் இருக்கட்டும். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காபி குடித்த கையோடு, முடிந்ததை உள்ளே ஏற்றிவிடுங்கள்.

இரண்டாவது, அடிக்கடி வேண்டிய கோப்பாயிருந்தால், கோப்பு அதனிடத்தில் இருக்க, அதற்கு ஒரு ஷார்ட்கட் மட்டும் வெளியே வையுங்கள். ஷார்ட்கட் என்பது வழிகாட்டிப் பலகை. பலகை போனாலும் வீடு இருக்கும்.

மூன்றாவது, பெயர் தெளிவாக வையுங்கள். ஒருங்குறி வந்தபின் தமிழிலேயே வைக்கலாம். முதலில் வருஷம், பிறகு மாதம், தேதி, அப்புறம் விஷயம் என்று எழுதினால் தானாகவே வரிசையில் நிற்கும்.

நான்காவது, முக்கியமான காகிதத்துக்கு இரண்டு பிரதி வேண்டும். டி டிரைவுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரே டிஸ்கில் இரண்டு டிரைவும் இருந்தால், டிஸ்க் கெட்டால் இரண்டும் போகும். ஒரு பிரதி கணினிக்கு வெளியே, பென் டிரைவிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும்.

நம் பிள்ளைகளில் பலர் பெங்களூரிலும் அதற்கப்பாலும் இருக்கிறார்கள், பெற்றோர் இங்கே. "அப்பாவோட அந்தப் பேப்பர் எங்கேம்மா?" என்று மகன் போனில் கேட்டால், கணினி அதிகம் பழகாத தாயும் திறந்து, பெயரைப் படித்து, எடுத்து அனுப்ப முடிய வேண்டும். மேசை அந்த அளவுக்குத் துப்புரவாக இருந்தால் போதும்.