கருங்குழி – மாமல்லபுரம், குதிரையில் போய் வர

செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்குக் கருங்குழி என்பது மதுராந்தகத்துக்கு முந்தின ஸ்டேஷன், அவ்வளவுதான். எக்ஸ்பிரஸில் போனால் பெயர்ப்பலகையைப் படிப்பதற்குள் கடந்துவிடும். இருநூறு வருஷங்களுக்கு முன்னால் நிலைமை வேறு. இங்கிருந்த கோட்டைக்காக ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஹைதர் அலி என்று எல்லோரும் அடித்துக்கொண்டார்கள். 1759 கடைசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அதைப் பிடித்தார். பின்னால் ஹைதர் கைக்குப் போனது. 1781 ஜனவரியில், நல்ல தை மாதத்தில், கேப்டன் டேவிஸ் தலைமையில் வந்த ஆங்கிலப் படை அதை மீட்டது. அப்புறம் ஜாகீர் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதிக்குக் கலெக்டராக வந்த லயனல் பிளேஸுக்கும் கருங்குழிதான் தலைமையிடம். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிறாரே, அதே கலெக்டர்தான்.

அந்தக் கால மதராஸ் குதிரைப்படையில் ஒரு குதிரைக்கு இரண்டு ஆட்கள் உண்டு. தேய்த்துக் குளிப்பாட்டிக் கட்டிப் பார்த்துக்கொள்ள ஒரு குதிரைக்காரர், தினமும் தீவனம் அறுத்துவர ஒரு புல்லறுப்பவர். மேலே உட்காருகிறவரையும் சேர்த்தால் ஒரு குதிரைக்கு மூன்று பேர். இந்தக் கணக்கு நினைவிருக்கட்டும். இன்றும் அது மாறவில்லை.

கருங்குழியில் கிளம்பி, படாளம், பாலாற்றுப் பாலம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதே நாளில் திரும்பினால் 100. பைக்கில் போனாலே இடுப்பு கழன்றுவிடும் தூரம். ‘எண்டியூரன்ஸ்’ எனப்படும் நெடுந்தூரக் குதிரைப் போட்டியில் சர்வதேச அளவின் முதல் படியே இந்த 100 கிலோமீட்டர்தான். அடுத்தது 120, உச்சம் 160. நவீன காலத்தில் இதைத் தொடங்கிவைத்தது 1955இல் கலிஃபோர்னியாவில் வெண்டெல் ரோபி என்பவர் நடத்திய, ஒரே நாளில் 100 மைல் போகும் சவாரி. டெவிஸ் கோப்பை என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது.

கிண்டி குதிரைப் பந்தயம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முதலில் அலுப்பாகத் தெரியும். குதிரை நாலுகால் பாய்ச்சலில் போவதில்லை. பெரும்பாலான நேரம் டிராட் என்கிற துள்ளுநடைதான், மணிக்கு 15 கிலோமீட்டர் சொச்சம். விறுவிறுப்பெல்லாம் குதிரை நிற்கும்போதுதான்.

மொத்தத் தூரத்தைச் சில சுற்றுகளாகப் பிரித்திருப்பார்கள். எந்தச் சுற்றும் 40 கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை மருத்துவர் காத்திருப்பார். குதிரையின் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நாடி எண்ணுவார். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 30 முதல் 40 துடிப்பு. முழுப் பாய்ச்சலில் 220ஐத் தாண்டும். வந்துசேர்ந்த 15 நிமிடத்துக்குள் அது 64க்கு இறங்கியாக வேண்டும் என்பது பொதுவான விதி. இறங்காவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. நாடி இறங்கும்வரை கடிகாரமும் ஓடிக்கொண்டே இருக்கும். வேகமாக வந்து, குதிரை ஆற பத்து நிமிடம் எடுத்துக்கொண்டவர், மெதுவாக வந்து இரண்டே நிமிடத்தில் நாடியைக் காட்டியவரிடம் தோற்றுப்போகலாம். அதனால்தான் அனுபவசாலிகள் கடைசி அரை கிலோமீட்டரில் இறங்கிக் குதிரையோடு நடந்து வருகிறார்கள்.

நாடியோடு சோதனை முடியாது. மருத்துவர் மேலுதட்டைத் தூக்கி ஈற்றில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுவார். கூடாரம்போல் நின்றால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது. விலாவில் காது வைத்துக் குடல் சத்தம் கேட்பார். அந்த வயிறு கடமுடவென்று இரைந்துகொண்டே இருக்க வேண்டும். அமைதியாக இருந்தால்தான் ஆபத்து. கடைசியாக, கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நேர்கோட்டில் ஓட்டிக் காட்டச் சொல்வார். தலை ஒரு காலுக்கு மட்டும் மேலே துள்ளினால் நொண்டல். எல்லாம் சரியென்றால் முக்கால் மணி நேரம் போல் ஓய்வு, பிறகு அடுத்த சுற்று. கடைசிக் கோட்டை முதலில் தாண்டியவருக்கும் இந்தச் சோதனை உண்டு. தேறாவிட்டால் முதலிடம் போய்விடும்.

குதிரையின் உடம்பு இதற்கென்றே செய்துவைத்தது போல இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கி, சேமித்துவைத்த சிவப்பணுக்களை இரத்தத்தில் கொட்டும். நிற்கும்போது நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது என்றிருந்த சிவப்பணுவின் பங்கு அறுபதைத் தொடும். பெருங்குடல் ஒரு தண்ணீர்த் தொட்டி. நிறையப் புல் தின்ற குதிரையின் குடலில் ஊறிக் கிடக்கும் நீர், வழியில் வியர்வையாகப் போனதை ஈடுகட்டுகிறது. ‘கொள்ளு வை, குதிரை பறக்கும்’ என்பது நம்மூர் நம்பிக்கை. நெடுந்தூரத்துக்குக் கொள்ளைவிடப் புல்தான் முக்கியம். தானியத்தை அள்ளிப் போட்டால் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

வியர்வையில்தான் ஒரு விசித்திரம். நம் வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. அது வெளியேற வெளியேற மிச்ச இரத்தம் கரிக்கும், மூளைக்குச் சேதி போகும், தாகம் எடுக்கும். குதிரையின் வியர்வையோ இரத்தத்துக்குச் சமமாக, சில சமயம் கூடுதலாகவே கரிக்கும். நீரும் உப்பும் சேர்ந்தே போவதால் இரத்தம் கரிப்பதில்லை. வெயிலில் மணிக்கு பத்து லிட்டருக்கு மேல் இழந்தும் குதிரை தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்காமல் நிற்கும். குடிக்க மறுக்கிறது, தெம்பாகத்தான் இருக்கிறது என்று நினைத்து ஓட்டுகிறவர் அதைக் கொன்றேவிடலாம். ஆகவே வழியில் உப்புக் கலவையை வாயில் ஏற்றுவார்கள். அதையும் குதிரை கொஞ்சமாவது தண்ணீர் குடித்த பிறகே கொடுக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிகவும் குறைந்துவிட்டால், இதயம் துடிக்கும்போதெல்லாம் விலாவும் கூடவே வெட்டி இழுக்கும். பார்க்கவே பயமாக இருக்கும்.

பயிற்சி என்பது பொறுமையின் வேலை. இதயமும் தசையும் சில மாதத்தில் தேறிவிடும். தசைநாரும் எலும்பும் குளம்பும் அப்படியல்ல, வருஷக் கணக்காகும். மூச்சு தயார், கால் தயாரில்லை என்கிற இடைக்காலத்தில்தான் நல்ல குதிரைகள் கெட்டுப்போகின்றன. 160 கிலோமீட்டர் ஓடும் குதிரைக்குக் குறைந்தது எட்டு வயது ஆகியிருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் அதனால்தான். கருங்குழிக் குதிரைக்கு நான் பயிற்சி இடம் தேர்வு செய்தால் ஏரிக்கரை மண்பாதையைத்தான் சொல்வேன். தார்ச்சாலை குளம்பை அதிரவைக்கும். மாமல்லபுரத்து ஆழ மணல் தசைநாரை இழுக்கும். போட்டியன்று புதுச் சேணம் கூடாது, புது லாடமும் கூடாது. லாடம் அடித்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும்.

போட்டி இடத்துக்குக் கொண்டுபோவது தனிக் கலை. லாரியில் நிற்கும் குதிரை சும்மா நிற்பதில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் வளைவுக்கும் நாலு காலையும் ஊன்றிச் சமாளிக்கிறது. தலையை உயரக் கட்டிவிட்டால் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் கிருமியும் வெளியே வழியாமல் தங்கி, இரண்டு நாள் கழித்து நுரையீரல் காய்ச்சலாகக் கிளம்பும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தலையைக் கீழே போட விட வேண்டும். ஊர் மாறினால் தண்ணீர் ருசி மாறும், குதிரை குடிக்காது. வீட்டுத் தண்ணீரைக் கேனில் எடுத்துப் போகலாம். அல்லது முன்கூட்டியே வெல்லம் கரைத்த தண்ணீருக்குப் பழக்கிவிடலாம்.

கடல் கடப்பது இன்னும் சிக்கல். ஒரு காலத்தில் குதிரைகள் இந்தக் கரைக்குக் கப்பலில் வந்தன. பெரும்பாணாற்றுப்படை சொல்லும் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் மாமல்லபுரம்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அங்கே நாவாய்கள் குதிரை கொண்டுவந்ததை அந்த நூல் பாடுகிறது. வருவது சுலபம், போவதுதான் கஷ்டம். நோய்த்தடுப்பு விதிகளால் இந்தியக் குதிரைகள் வெளிநாட்டுப் போட்டிக்குப் போவது நெடுங்காலமாகக் குதிரைக்கொம்பு. 2023 ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் எனப்படும் குதிரை நடைப் போட்டியில் அணித் தங்கம் வென்ற நம்மவர்கள் ஐரோப்பாவில் தங்கிப் பயின்று, அங்கிருந்த குதிரைகளோடுதான் சீனா போனார்கள். 2025இல் மீரட்டில் உள்ள ராணுவக் குதிரை மையத்துக்கு உலக விலங்கு சுகாதார அமைப்பின் நோயற்ற வளாக அங்கீகாரம் கிடைத்தது. கதவு இப்போதுதான் திறக்கிறது.

கேரளத்துத் திரூரைச் சேர்ந்த நிதா அஞ்சும் சேலாட்டும் வெளிநாட்டிலேயே பயின்றவர். 2023இல் பிரான்ஸின் காஸ்டெல்சக்ராவில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் எப்சிலோன் சாலூ என்ற குதிரையில் 120 கிலோமீட்டரை 7 மணி 29 நிமிடத்தில் முடித்தார். அந்தப் போட்டியை முடித்த முதல் இந்தியர் அவர். மறு ஆண்டு மோன்பசியேவில் பெரியவர்களுக்கான 160 கிலோமீட்டரையும் முடித்தார். ஒவ்வொரு சோதனை முனையிலும் இப்படிப்பட்டவர்களுக்கென ஒரு கூட்டம் வாளியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக நிற்கும். சேணத்தைக் கழற்ற ஒருவர், கழுத்தில் தண்ணீர் ஊற்ற ஒருவர், புல் நீட்ட ஒருவர். பழைய குதிரைக்காரரும் புல்லறுப்பவரும்தான், வேறு சட்டையில்.

நம் கற்பனைச் சவாரிக்கு நாள் குறிப்பதென்றால் டேவிஸ் வந்த தை மாதத்தையே சொல்வேன். சித்திரை, வைகாசி நினைக்கவே வேண்டாம். வெப்பத்தைவிட மோசம் கடற்கரைப் புழுக்கம்; காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது வியர்வை ஆவியாகாது, வழிந்து வீணாகும், உடம்பு ஆறாது.

மாமல்லபுரம் கடற்கரையில் சவாரிக் குதிரை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பிள்ளையை ஏற்றிவிடும் முன், குதிரைக்காரரிடம் அது கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் கழுத்துத் தோலை மெல்லக் கிள்ளி விடுங்கள். உடனே படிந்தால் ஏறலாம். நின்றால் சவாரி வேண்டாம், அந்தக் காசை அவரிடமே கொடுத்து ஒரு வாளித் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள்.