பிறவி அவசரம்



வினாவை ஆசிரியர் முடிக்குமுன்னரே விடையைச் சொல்லிவிட்டு, பின்னர் நாக்கைக் கடித்துக்கொள்ளும் மாணவன் எல்லா வகுப்பிலும் ஒருவன் இருப்பான். சில ஆண்டுகளின் பின் அவனுடைய தம்பியும் அதே வாங்கில் அவ்வண்ணமே வந்தமர்வதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். போதைக்கு அடிமையான மூத்த மகனைப் பற்றிக் கூறிக் கலங்கிய தந்தையொருவர், "இளையவனுக்கும் இதே சுபாவம்; அவனும் இப்படித்தான் போவானோ?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார்.

கொக்கெயின், அம்பெற்றமைன் போன்ற ஊக்கிகள் மூளையிலே டொபமைன் என்னும் இரசாயனத்தின் செயலை மிகுவிப்பன. இவற்றுக்கு அடிமைப்பட்டோர் பின்விளைவை எண்ணாது செயற்படுவர் என்பது பழைய செய்தி. அந்த அவசரம் போதையால் விளைந்ததா, போதைக்கு முன்னரே இருந்ததா என்பதுதான் சிக்கல். அடிமையானவரை மட்டும் எத்துணை நுணுகி ஆராய்ந்தாலும் இதற்கு விடை கிட்டாது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கரென் எர்ஷ் அம்மையாரும் குழுவினரும் உடன்பிறந்தாரையே சாட்சிக்கு அழைத்தனர். ஒருவர் ஊக்கிக்கு அடிமை, மற்றவர் அப்பழக்கம் அறியாதவர் என 50 சோடிகள். ஒப்புநோக்குவதற்கு உறவல்லாத 50 பேர். சோதனை எளியது. திரையில் அம்புக்குறி தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். இடையே ஓர் ஒலி கேட்பின் நீட்டிய விரலைத் தடுத்துக்கொள்ள வேண்டும். அடிமையானோர் தடுமாறினர். அவர்தம் சகோதரரும் அவ்வாறே தடுமாறினர்! தடுத்துக்கொள்ளும் ஆற்றலுக்கு இன்றியமையாத வலப்புற முன்மூளையின் கீழ்ப்பகுதியில், நரம்பிழைகளின் அமைப்பு இருசாராரிடத்தும் குறைவுற்றிருந்தது. இது 2012ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது.

உடன்பிறந்தோர் ஒரே வீட்டில் உண்டு வளர்ந்தவர்களுமாவர். ஆகவே பழியனைத்தையும் பரம்பரையின் தலையில் சுமத்தல் தகாது. இரட்டையரை ஆராய்ந்தோர், அவசர சுபாவத்தில் மனிதர்க்கிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியைப் பரம்பரைக்கு உரியதெனக் கணித்துள்ளனர். அதுவும் ஒரு பரம்பரையலகின் வேலையன்று. சிறு சிறு பங்களிக்கும் பல அலகுகளின் கூட்டு வேலை.

அக்குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று எனக்கு இதனினும் சுவையானது. அவசரத்தில் சகோதரர் அடிமையானவரை ஒத்திருந்தனர். புதுப்புதுக் கிளர்ச்சியைத் தேடியலையும் வேட்கையிலோ ஏனைய மக்களைப் போன்றே இருந்தனர். ஒரே குறையோடு பிறந்தும் இவர்கள் எங்ஙனம் தப்பினர் என்பதே ஆய்வாளரின் அடுத்த வினாவாயிற்று.

அத்தந்தையிடம் இந்த 50 சகோதரரைப் பற்றியே கூறினேன். இளையவனின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.