கேதார்நாத்: மே மாதக் கூட்டமும் அக்டோபர் வாசலும்

புது தில்லி: ஓசூரைத் தாண்டி கர்நாடகத்துக்குள் நுழைந்ததும் வரும் முதல் ஊர் அத்திபெலே. கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த எல்லை வழியாகவே பெங்களூருக்கும் அதற்கு அப்பால் வடக்கேயும் செல்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த வட்டாரத்திலிருந்து கேதார்நாத், பத்ரிநாத் செல்ல விரும்பும் குடும்பங்கள் பெரும்பாலும் போடும் கணக்கு ஒன்றுதான். பள்ளி விடுமுறை மே மாதத்தில். கோயில் நடை திறப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். எனவே மே மாதமே புறப்பட வேண்டும். நாடு முழுவதும் இதே கணக்கைப் போடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

2024 மே 10-ஆம் தேதி கேதார்நாத் நடை திறந்தபோது முதல் நாளிலேயே 29 ஆயிரத்துக்கும் அதிகமானோர் திரண்டனர். ஒரு வாரத்துக்குள் நேரடிப் பதிவை நிறுத்தவும், முக்கியப் பிரமுகர்களுக்கான சிறப்பு தரிசனத்தை அந்த மாத இறுதி வரை ரத்து செய்யவும், கோயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விடியோ எடுக்கத் தடை விதிக்கவும் உத்தரகண்ட் அரசு நிர்பந்திக்கப்பட்டது. 2022-இல் நிலைமை இன்னும் மோசம். மே முதல் வாரத்தில் தொடங்கிய சார்தாம் யாத்திரையில், ஜூன் முதல் வாரத்துக்குள் இறந்தோர் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. பெரும்பாலானவை மாரடைப்பும் உயரம் தொடர்பான உடல்நலக் கோளாறுகளும்.

உயரம் என்பதைத் தமிழக வாசகர்கள் தொட்டபெட்டாவை வைத்து அளந்து பார்க்கலாம். தமிழகத்தின் அந்தச் சிகரம் 2,637 மீட்டர். கேதார்நாத் 3,583 மீட்டர். அத்திபெலேயும் பெங்களூரும் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளன. காலையில் பெங்களூரில் விமானம் ஏறி, மறுநாளே ஹெலிகாப்டரில் கேதார்நாத்தில் இறங்கும் அறுபது வயதுக்காரரின் இதயம், இரண்டு நாளில் 2,600 மீட்டருக்கும் மேல் ஏறியிருக்கிறது. யாத்திரையைக் குறைந்தது 7 நாளாகத் திட்டமிட வேண்டும் என்று மாநில சுகாதாரத் துறை அறிவுறுத்துவது இதனால்தான். ஹெலிகாப்டரும் பாதுகாப்பான குறுக்குவழி அல்ல என்பதை 2025-ஆம் ஆண்டு காட்டியது. மே 8-இல் கங்கோத்ரி வழியில் நேரிட்ட விபத்தில் 6 பேரும், ஜூன் 15-இல் கெளரிகுண்ட் அருகே நேரிட்ட விபத்தில் விமானி உள்பட 7 பேரும் உயிரிழந்தனர்.

2013 ஜூன் 16, 17 தேதிகளில் சோராபாரி ஏரி உடைந்து கேதார்நாத்தைச் சூறையாடியபோது உயிரிழப்பு அந்த அளவுக்குப் பெருகியதற்கு மழை மட்டும் காரணமல்ல. பருவமழை வழக்கத்தைவிட முன்கூட்டியே வந்து, உச்சக் கூட்டத்தின் மேல் இறங்கியது. 5,700-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கருதப்படுகின்றனர்.

அப்படியானால் கூட்டமில்லாத காலம் எது? ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் குறையும். ஆனால் அது நிலச்சரிவுக் காலம். மலிவான அறை வாடகையை நம்பி அப்போது போவது அறிவுடைமை ஆகாது. செப்டம்பரும் முழுமையாக நம்பத்தக்கதல்ல. 2024 செப்டம்பர் நடுவில் கடலூர் மாவட்டம் சிதம்பரம் பகுதியைச் சேர்ந்த 30 பேர் ஆதி கைலாஷ் சென்று திரும்பும் வழியில் நிலச்சரிவால் சிக்கிக்கொண்டனர். ஹெலிகாப்டர் மூலம் அவர்கள் தார்ச்சுலாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். முதல்வர் ஸ்டாலின் அவர்களுடன் தொலைபேசியில் பேசியது அப்போது செய்தியானது. கூட்டம் இல்லை என்பதும் ஆபத்து இல்லை என்பதும் ஒன்றல்ல.

உத்தரகண்டிலிருந்து பருவமழை வழக்கமாக விலகுவது செப்டம்பர் இறுதி வாரத்தில். கேதார்நாத் நடை சாத்தப்படுவது தீபாவளி அமாவாசை கழிந்த துவிதியை அன்று. 2025-இல் அது அக்டோபர் 23. பத்ரிநாத் அதன் பிறகும் சில நாள்கள் திறந்திருக்கும். 2025-இல் நவம்பர் 25 வரை திறந்திருந்தது. இடைப்பட்ட இந்த நாள்கள்தான் தென்னக யாத்திரிகர்கள் தவறவிடும் வாசல். தமிழகத்தின் காலாண்டுத் தேர்வு விடுமுறையும் கர்நாடகத்தின் தசரா விடுமுறையும் இதன் தொடக்கத்தைத் தொட்டுச் செல்கின்றன. தசராவை ஒட்டி வங்காளத்திலிருந்து வரும் கூட்டத்தால் சில நாள்கள் நெரிசல் இருக்கும் என்றாலும், மே மாதத்தோடு அதை ஒப்பிட முடியாது. வானம் தெளிந்து பனிச்சிகரங்கள் தெரியும். அதற்கு ஈடாக, மாத இறுதியில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும். கெளரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டர் நடைபாதையில் அஸ்தமனத்துக்குப் பின் இருப்பது கூடாது. 2021 அக்டோபர் 17 முதல் 19 வரை பெய்த பெருமழை யாத்திரையையே நிறுத்தியது. ஆகவே, திரும்பும் பயணச் சீட்டுக்கு முன் இரண்டு நாள் கையிருப்பாக வைத்துக்கொள்வது அக்டோபரிலும் அவசியம்.

மலையேற முடியாத முதியோருக்குக் குளிர்காலத்தில் வேறொரு வழி உள்ளது. நடை சாத்தியபின் கேதாரநாதரின் உற்சவ மூர்த்தி உகிமடம் ஓம்காரேஷ்வரர் கோயிலுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, ஆறு மாதம் பூஜை அங்கேயே நடக்கிறது. உகிமடத்தின் உயரம் சுமார் 1,300 மீட்டர். அத்திபெலேயைவிட 400 மீட்டர்தான் அதிகம். வாகனத்திலேயே வாசல் வரை செல்லலாம். கேதாரத்தின் மீதான பதிகங்களைச் சம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியிலிருந்தே பாடியதாகப் பெரியபுராணம் கூறுவதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். கங்கோத்ரிக்கு முக்பா, யமுனோத்ரிக்குக் கர்சாலி, பத்ரிநாத்துக்கு ஜோஷிமடமும் பாண்டுகேஷ்வரும் குளிர்கால இருப்பிடங்கள். 2024 டிசம்பர் 8-இல் முதல்வர் புஷ்கர் சிங் தாமி குளிர்கால யாத்திரையை உகிமடத்தில் தொடக்கி வைத்தார். 2025 மார்ச் 6-இல் பிரதமர் மோடி முக்பா சென்று வழிபட்டார்.

கூட்டத்தை ஆண்டு முழுவதும் பரவச் செய்வது நல்ல நோக்கமே. ஆனால் அரசின் செயல்கள் அந்த நோக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. பிரதமர் முக்பா செல்வதற்கு முதல் நாள்தான், சோன்பிரயாகிலிருந்து கேதார்நாத்துக்கு 12.9 கிலோமீட்டர் ரோப் கார் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு ரூ. 4,081 கோடி, நாளொன்றுக்கு 18,000 பேரை ஏற்றிச் செல்லலாம். 2022-இல் கேதார்நாத்துக்கு அரசே விதித்த தினசரி வரம்பு முதலில் 12,000, பிறகு 13,000. கரோனா காலத்தில், 2021-இல், உயர் நீதிமன்றம் அனுமதித்ததோ வெறும் 800. உள்ளூர் வணிகர்களின் எதிர்ப்பால் வரம்புகள் தளர்கின்றன. மலையின் தாங்குதிறன் மட்டும் தளரவில்லை. 2023 ஜனவரியில் ஜோஷிமடத்தில் 800-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் கண்டன. 2025 ஆகஸ்ட் 5-இல் முக்பாவுக்கு எதிர்க்கரையில் உள்ள தராலியின் விடுதிகளையும் கடைகளையும் கீர் காட் ஓடை சேற்றில் புதைத்தது. முக்பாவாசிகள் எடுத்த விடியோதான் உலகம் முழுவதும் பரவியது.

தென் மாநில அரசுகளுக்கும் இதில் பங்கு உண்டு. சார்தாம் சென்று திரும்புவோருக்குக் கர்நாடக அறநிலையத் துறை மானியம் வழங்குகிறது. தமிழக அரசு மானசரோவர், முக்திநாத் யாத்திரைகளுக்கு மானியம் வழங்குகிறது. அத்திபெலேக்காரருக்கும் ஓசூர்க்காரருக்கும் இடையே எல்லைக் கோடு இப்படியும் விழுகிறது. இத்தகைய மானியத்தை அக்டோபர் முதல் மார்ச் வரை செல்வோருக்குக் கூடுதலாகத் தந்தால், தில்லியின் பிரசாரத்தைவிட அது அதிகம் சாதிக்கும். கோடைக்காலச் சிறப்பு ரயில் கேட்கும் எம்.பி.க்கள், ஹரித்வாருக்கு அக்டோபரிலும் ஒன்று கேட்கலாம்.

இப்போதைக்குத் திட்டமிடுவோருக்கு ஒரு நடைமுறைத் தடை உள்ளது. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதாவது, அக்டோபர் பயணத்துக்கான சீட்டை, இமயமலை நிலச்சரிவுச் செய்திகள் நாளேடுகளை நிறைக்கும் ஆகஸ்டில் எடுத்தாக வேண்டும். பத்ரிநாத் நடை சாத்தும் தேதி விஜயதசமி அன்றுதான் அறிவிக்கப்படும். கேதார்நாத்துக்கு அந்தக் காத்திருப்புத் தேவையில்லை. வீட்டிலுள்ள பஞ்சாங்கமே போதும்.